அகழி சூழ்ந்த மனை: ரஞ்சன்குடிக் கோட்டை கற்பிக்கும் தொல்லியல் பாடம்

பெரம்பலூரிலிருந்து வடக்கு நோக்கிச் சென்னைப் பெருவழியில் செல்வோர், வாலிகண்டபுரத்தைக் கடந்து சிறிது தொலைவு சென்றதும் சாலையின் அருகே கருங்கல் மதில்கள் உயர்ந்து நிற்பதைக் காண்பர். அதுவே ரஞ்சன்குடிக் கோட்டை. பேருந்தில் அமர்ந்தவாறே அதனைப் பார்த்துச் செல்வோர் மிகப் பலர். இறங்கிச் சென்று காண்போர் மிகச் சிலர். அச்சிலருங்கூட, ‘இங்கே ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் பொருதனர்’ என்னும் ஒரே செய்தியைப் பெற்றுத் திரும்புகின்றனர். போர் சில நாள்களில் முடிந்துவிட்டது. அக்கோட்டையிலோ மக்கள் பல்லாண்டுகள் வாழ்ந்தனர். சமைத்தனர், உண்டனர், கணக்கெழுதினர், வரி தண்டினர், விருந்தினரை வரவேற்றனர். போரை மட்டுமே தேடுகின்ற கண்ணுக்கு அவ்வாழ்க்கை புலப்படுவதில்லை. ஆகவே ரஞ்சன்குடியை ஒரு போர்க்களமாக மட்டும் கொள்ளாமல், அகழி சூழ்ந்த ஒரு தலைவனின் மனையாகக் கொண்டு நோக்கினால் நமக்கு என்னென்ன விளங்கும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அகழி என்னும் சொல்

‘அகழ்’ என்னும் வினையடியிலிருந்து பிறந்தது அகழி. நாம் இன்று வழங்கும் ‘அகழாய்வு’ என்னும் சொல்லும் அதே அடியினின்று பிறந்ததே. பகைவரைத் தடுக்க ஒருவன் அகழ்ந்தான். அவனை அறிந்துகொள்ள நாம் அகழ்கின்றோம். இரண்டிற்கும் தமிழ் ஒரே வேரைத் தந்திருப்பது எண்ணி மகிழத்தக்கது.

பழந்தமிழ் நூல்களில் கிடங்கு, மிளை, எயில், இஞ்சி, ஞாயில் என அரணின் உறுப்புகளுக்குத் தனித்தனிப் பெயர்கள் உள்ளன. மதிலை வளைப்பதும் காப்பதும் புறத்திணையில் உழிஞை, நொச்சி எனப் பெயர் பெற்றன. திருக்குறளில் அரண் என்றே ஓர் அதிகாரம் உண்டு. நீரும் வெளிநிலமும் மலையும் காடும் சேர்ந்ததே அரண் என வள்ளுவர் அங்கே வகுத்துரைக்கின்றார். நான்கனுள் நீரை முதலில் வைத்தமை நோக்கத்தக்கது.

மேலைநாட்டுச் சொல் ஒன்றையும் ஈண்டு ஒப்பிட்டுக் காணலாம். ஆங்கிலத்தில் அகழியைக் குறிக்கும் ‘மோட்’ என்னும் சொல் பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது. அங்கே அதன் பொருள் அகழி அன்று, மண்மேடு. பள்ளத்தைத் தோண்டிய மண்ணைக் குவித்து மேடாக்கி அதன்மேல் தலைவனின் இல்லத்தை எழுப்பினர். காலப்போக்கில் மேட்டின் பெயர் பள்ளத்திற்கு ஆயிற்று. பள்ளமும் மேடும் ஒரே செயலின் இரு பக்கங்கள் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. ரஞ்சன்குடிக் கோட்டையின் உச்சிப் பகுதியை மக்கள் ‘கோட்டைமேடு’ என்றே வழங்குகின்றனர். கங்கைகொண்ட சோழபுரத்தில் சோழர் அரண்மனை புதைந்து கிடந்த இடத்தின் பெயரும் ‘மாளிகைமேடு’ என்பதேயாகும்.

கோட்டையின் அமைப்பு

கோட்டை நீள்வடிவினது. செதுக்கிய கருங்கற்களை அடுக்கி எழுப்பிய மதிலில் அரைவட்ட வடிவக் கொத்தளங்கள் இடையிட்டு அமைந்துள்ளன. மதிலைச் சூழ அகழி. நிலத்தின் ஏற்றத்திற்கேற்ப வெவ்வேறு உயரங்களில் மூன்று அரண்கள் ஒன்றனுள் ஒன்றாக அமைந்துள்ளன. கீழுள்ள பகுதி பேட்டை, மேலுள்ளது கோட்டைமேடு. உள்ளே மாளிகையும் குடியிருப்புக் கட்டடங்களும் நிலவறைகளும் உள்ளன.

இவ்வமைப்பைச் சற்று நின்று சிந்தித்தல் வேண்டும். கொத்தளம் ஏன் அரைவட்டமாக இருக்கிறது? சதுரக் கொத்தளத்தின் மூலைகள் பீரங்கிக் குண்டுக்கு எளிதில் சிதையும். வளைந்த முகப்பு குண்டின் விசையைப் பக்கவாட்டில் திருப்பும். மூலைக்கடியில் பகைவர் ஒளிந்துகொள்ளவும் வளைவு இடந்தராது. ஆதலின் இம்மதிலைத் திட்டமிட்டவர் வெடிமருந்தின் ஆற்றலை அறிந்திருந்தவர் எனக் கொள்ளலாம். கல்வெட்டு ஒன்றையும் படிக்காமலே கட்டட வடிவிலிருந்து நாம் பெறும் முதற்செய்தி இது.

பேட்டை என்னும் சொல்லோ வேறொரு செய்தியைத் தருகின்றது. பேட்டை என்பது வணிகரும் கைவினைஞரும் தங்கும் இடம். சந்தை கூடும் இடம். அரணுக்குள்ளே பேட்டை அமைந்திருப்பின் அத்தலைவன் படைத்தலைவன் மட்டுமல்லன்; தன் ஆட்சிக்குட்பட்ட ஊர்களின் விளைபொருளும் வணிகமும் வந்து சேரும் மையமாகத் தன் மனையை ஆக்கிக்கொண்டவன். ஜாகிர் என்னும் பாரசீகச் சொல்லுக்கு ‘இடத்தைப் பற்றிக்கொள்ளல்’ என்பது பொருள். ஒரு நிலப்பகுதியின் வருவாயைப் பெற்று, அதற்கீடாக மேலாட்சியாளருக்குப் படைத்துணை அளிப்பவரே ஜாகிர்தார். கோட்டைக் காவலரைக் கிலேதார் என்பர். கோட்டையைக் குறிக்கும் ‘கலஅ’ என்னும் அரபுச் சொல்லின் வழிவந்த பெயர் அது. கீழே சந்தை, மேலே மாளிகை, சுற்றிலும் மதிலும் நீரும் என்னும் ஒழுங்கில் ஜாகிர் முறை முழுவதும் கல்லில் வரைந்து காட்டப்பெற்றுள்ளது எனலாம்.

கடல் கடந்த ஓர் ஒப்புமை

இங்கிலாந்தில் அகழி சூழ்ந்த மனைகளின் தடங்கள் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டுக் கண்டறியப்பெற்றுள்ளன. அவற்றுட் பெரும்பாலானவை 1250 முதல் 1350 வரையிலான நூற்றாண்டைச் சார்ந்தவை. அவை மன்னரின் கோட்டைகள் அல்ல. சிற்றூர்த் தலைவர்களும் வசதிபெற்ற குடியானவர்களும் வாழ்ந்த மனைகள். இத்துணைப் பேருக்கும் பெரும்பகைவர் இருந்திருக்க வழியில்லை. பின் ஏன் அகழி? ஈரக் களிமண் நிலத்தில் நீர் வடியவும், மீன் வளர்க்கவும், கால்நடையையும் கள்வரையும் தடுக்கவும் அது உதவிற்று. இவை எல்லாவற்றிற்கும் மேலாக, ‘இவனும் ஒரு தலைவன்’ என்று ஊரார் கருத வேண்டும் என்னும் விருப்பமே பலரை அகழி தோண்டச் செய்தது என அந்நாட்டுத் தொல்லியலார் கருதுகின்றனர். 1385இல் அரசாணை பெற்று எழுப்பப்பெற்ற போடியம் கோட்டை போருக்காகக் கட்டப்பெற்றதா, பெருமைக்காகக் கட்டப்பெற்றதா என்னும் வழக்கு அவர்களிடையே நெடுநாளாக நிகழ்ந்து வருகிறது.

அவ்வினாவை ரஞ்சன்குடிக்கும் நாம் எழுப்புதல் தகும். ஆனால் விடை அப்படியே பொருந்தாது. பெரம்பலூர் வட்டாரம் ஈரக் களிமண் நாடன்று. மழையை நம்பிய புன்செய் நாடு. ஏரியும் குளமும் கிணறுமே உயிர். இத்தகைய நிலத்தில் நீரைச் சுற்றிலும் தேக்கி வைத்தல் பகையைத் தடுப்பதோடு நில்லாமல் உள்ளிருக்கும் கிணறுகளின் ஊற்றையும் காக்கும். வறண்ட நாட்டில் நீரையே வேலியாக இட்டுக்கொள்ள வல்லவன் என்பதைக் காட்டுவதைவிடப் பெரிய பெருமை வேறென்ன இருக்க முடியும்?

கட்டியவர் யார்?

கர்நாடக நவாபின் கீழிருந்த ஜாகிர்தார் ஒருவரால் 17ஆம் நூற்றாண்டில் இக்கோட்டை கட்டப்பெற்றது என்பதே பொதுவாக வழங்கும் செய்தி. மாணவர்கள் இவ்வொரு வரியை மனப்பாடம் செய்து எழுதிவிடுகின்றனர். அதனைக் காலவரிசையோடு ஒத்துப் பார்த்தல் வேண்டும்.

17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாலிகண்டபுரம் பீஜப்பூர் சுல்தான்களின் ஆளுகையில் இருந்தது. அங்கிருந்து ஆண்டவர் ஷேர்கான் லோதி. பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியில் காலூன்றுவதற்கு இடமளித்தவர் இவரே. புதுச்சேரியை வளர்த்த பிரான்சுவா மார்ட்டின் இவருடைய நண்பர். 1677இல் தெற்கே படையெடுத்து வந்த சிவாஜி இவரைத் தோற்கடித்தார். அதன்பின் ஔரங்கசீப்பின் படைகள் 1686இல் பீஜப்பூரையும் 1687இல் கோல்கொண்டாவையும் வென்று, தெற்கே வந்து செஞ்சியை நெடுங்காலம் முற்றுகையிட்டு 1698இல் கைப்பற்றின. அம்முற்றுகையை நடத்திய சுல்பிகர்கானையே கர்நாடக நவாபுகளின் வரிசையில் முதல்வராக வைப்பர்.

எனவே நவாபின் ஜாகிர்தார் 17ஆம் நூற்றாண்டில் கட்டினார் என்பது உண்மையாயின், அந்நூற்றாண்டின் இறுதிச் சில ஆண்டுகளே அதற்கு இடந்தரும். கோட்டை அதற்கு முற்பட்டதாயின் பீஜப்பூர் ஆட்சியோடு இணைத்துப் பேச வேண்டிவரும். மூன்று அரண்களும் ஒரே காலத்தன அல்ல எனின் இரு செய்திகளும் ஒருங்கே உண்மையாகவும் கூடும். ஒரு மதிலும் இன்னொரு மதிலும் சேரும் இடத்தில் கற்கள் ஒன்றோடொன்று கோத்து நிற்கின்றனவா, அன்றி நேர்கோடாகப் பிளவுபட்டு ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கின்றனவா என்று பாருங்கள். கோத்து நின்றால் இரண்டும் ஒரே காலத்தன. பிளவு தெரிந்தால் ஒன்று பிற்காலத்தது. நூலகத்தில் தீராத ஐயத்தைச் சில வேளைகளில் ஒரு கல்லிடுக்கு தீர்த்துவிடும்.

1751: அகழி வாங்கித் தந்த அவகாசம்

இனி அப்போருக்கு வருவோம். 1751இல் ஆர்க்காட்டு நவாபு பதவிக்காக முகம்மது அலியும் சந்தாசாகிபும் போட்டியிட்டனர். முன்னவருக்கு ஆங்கிலேயரும் பின்னவருக்குப் பிரெஞ்சுக்காரரும் துணை நின்றனர். ஆர்க்காட்டிலிருந்து திருச்சிராப்பள்ளியை நோக்கி வந்த சந்தாசாகிபை வழிமறிக்கக் கேப்டன் ஜிஞ்ஜன்சு தலைமையில் ஆங்கிலப் படை வந்தது. பின்னாளில் பெரும்பெயர் பெற்ற ராபர்ட் கிளைவ் அப்போது உணவுப்பொருள் வழங்கும் அலுவலராக அப்படையோடு இருந்தார். வால்கொண்டா என்று ஆங்கிலேயர் எழுதிய வாலிகண்டபுரத்துப் போர் என்பது இதுவே. இப்போரோடு ரஞ்சன்குடிக் கோட்டை இணைத்துப் பேசப்பெறுகிறது.

கோட்டையைப் பற்றிய சிறு குறிப்புகள் பலவற்றில் இப்போரில் ஆங்கிலேயர் வென்றனர் என்று காண்கின்றோம். கிழக்கிந்தியக் கம்பெனியின் வரலாற்றாசிரியரான இராபர்ட் ஓர்ம் எழுதியதோ வேறு. கோட்டைத் தலைவர் இரு தரப்பாருக்கும் பிடிகொடாத மறுமொழி தந்து ஏறத்தாழ இரு வாரங்களைக் கடத்தினார் என்கிறார் அவர். பொறுமை இழந்த ஆங்கிலப் படை இரவில் ஊரைத் தாக்கி மண்மதிலைத் தாண்டித் தீயிட்டது. ஆனால் கற்கோட்டையை நெருங்கியபோது அதனை வெல்ல இயலாதெனக் கண்டு திரும்பிற்று. சினமுற்ற தலைவர் மறுநாளே சந்தாசாகிபுக்கு ஆளனுப்பினார். பின்னர் நடந்த மோதலில் ஆங்கிலக் கம்பெனியின் ஐரோப்பிய வீரர்கள் அஞ்சிப் பின்வாங்கினர். முகம்மது அலியின் உடன்பிறந்தாரான அப்துல் வஹாப்கான் அவர்களை இடித்துரைத்தும் பயனில்லை. படை ஊட்டத்தூர் வழியாகத் திருச்சிராப்பள்ளிக்கு ஒதுங்கியது.

தம் தரப்பின் தோல்வியைத் தாமே ஒப்புக்கொண்டு எழுதும் ஓர் ஆசிரியரின் கூற்றை, காரணம் காட்டாத வெற்றிச் செய்தியினும் மேலானதாகக் கொள்வதே முறை. ‘ஆங்கிலேயர் வென்றனர்’ என்று எழுதும் மாணவர்கள் இனியேனும் அவ்வரியைத் திருத்திக்கொள்வார்களாக. அவ்வாண்டின் பிற்பகுதியில் ஆர்க்காட்டில் கிளைவ் பெற்ற வெற்றியும், 1752இல் சந்தாசாகிபு உயிரிழந்ததும் முன் நிகழ்ந்த தோல்வியை மறக்கச் செய்திருத்தல் கூடும்.

எனினும் நம் மனத்தைக் கவர்வது வெற்றி தோல்வி அன்று. அந்த இரு வாரங்கள். பெரும்படைகள் இரண்டு வாயிலில் வந்து நிற்க, நடுவே ஒரு சிறு தலைவர். இவருக்கு ‘ஆம்’ என்றால் அவர் பகை. அவருக்கு ‘ஆம்’ என்றால் இவர் பகை. பேட்டையில் வணிகரும் உழவரும். உள்ளே தம் குடும்பம். அந்நிலையில் மதிலும் அகழியும் அவருக்கு வெற்றியைத் தரவில்லை, காலத்தைத் தந்தன. எவர் கை ஓங்கும் என்று பார்த்து முடிவு செய்வதற்கான அவகாசத்தைத் தந்தன. பேரரசுகளுக்கிடையே வாழ்ந்த நடுத்தரத் தலைவர்களுக்கு அகழியின் பயன் இதுவே என நாம் கருதுகின்றோம். அந்த அவகாசத்தின் விலையைக் கொடுத்தவர்களோ கற்கோட்டைக்கு வெளியே மண்மதிலுக்குள் வாழ்ந்த எளியோர். அன்றிரவு எரிந்தவை அவர்தம் வீடுகள்.

மண்ணடுக்கு என்ன கூறும்?

எரிந்த ஊர் தொல்லியலாருக்கு ஒரு நாட்காட்டி. கரியும் சாம்பலும் செந்நிறமாய் வெந்த மண்ணும் ஒரே மட்டத்தில் பரவிக் கிடந்தால், அவ்வடுக்கை 1751ஆம் ஆண்டோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அதற்குக் கீழே கிடைப்பவை போருக்கு முற்பட்டவை. மேலே கிடைப்பவை பிற்பட்டவை. பிற பொருள்களின் காலத்தையும் இதனைக் கொண்டு அளந்துவிடலாம். ஆனால் எந்தத் தீயும் அந்தத் தீ ஆகிவிடாது. அடுப்புச் சாம்பலை அரசியல் சாம்பலாக எண்ணி ஏமாந்தோர் உண்டு. ஒரே குழியில் மட்டுமன்றிப் பல இடங்களில் அதே அடுக்கு தொடர வேண்டும்; துப்பாக்கிக் குண்டு போன்ற துணைச்சான்றும் வேண்டும்.

அகழியின் வண்டல் இன்னும் நுட்பமானது. பயன்பாட்டில் உள்ள அகழியை அடிக்கடி தூர் வாருவர். வாருந்தோறும் பழைய வண்டல் வெளியேறிவிடும். ஆகவே அகழியின் அடியில் நாம் காணும் வண்டல் அகழி தோண்டிய காலத்தைக் காட்டாது. கடைசியாகத் தூர் வாரிய காலத்தைத்தான் காட்டும். ‘இனி இந்த மனையைக் காக்க வேண்டுவதில்லை’ என்று கைவிட்ட நாளின் பதிவு அது. கட்டிய காலத்தை அறிய விரும்புவோர் மதிலின் அடித்தளத்திற்காகத் தோண்டிய குழியின் மண்ணில்தான் தேடுதல் வேண்டும். நீர் வற்றாத சேற்றில் மரம், தோல், விதை ஆகியன காற்றுப்படாமல் அழியாதிருக்கும். இங்கிலாந்தின் அகழிகள் தொல்லியலாருக்கு அருமையாவது இதனாலேயே. கோடைதோறும் வற்றிக் காயும் நம் அகழிகளில் அவ்வளவு எதிர்பார்த்தல் இயலாது. எலும்பும் மட்கல ஓடும் கரிந்த தானியமுமே நமக்குத் துணை.

அவை சிறியவை என்று இகழற்க. புகையிலையும் மிளகாயும் மக்காச்சோளமும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பியர் வழியே இந்தியாவிற்கு வந்தவை. ஹுக்காவின் மண்கிண்ணம் ஒன்று ஓர் அடுக்கில் கிடைக்குமாயின், அவ்வடுக்கு புகையிலை இந்நாட்டிற்கு வந்த காலத்துக்கு முற்பட்டதாக இருக்க இயலாது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக அதன் எழுத்து முத்திரை பொறித்து நெதர்லாந்தில் அடித்த செப்புக்காசு 1726 முதல் வெளிவந்தது. அக்காசு கிடைக்கும் அடுக்கு 1726க்குப் பிற்பட்டதே. மதிலின் சுண்ணாம்புச் சாந்தும் பேசும். அரியலூர் வட்டாரம் சுண்ணாம்புக்கல்லுக்குப் பெயர்பெற்றது. சாந்து அங்கிருந்து வந்ததா, கடற்சிப்பியைச் சுட்டு ஆக்கியதா என்பதை ஆய்வுக்கூடத்தில் அறியலாம். அதிலிருந்து வண்டிகள் எவ்வழியே வந்தன என்பதும் புலனாகும்.

மாளிகைமேட்டின் துணை

இவையெல்லாம் வெறும் கற்பனையோ என ஐயுறுவோர் அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்தை நோக்குக. முதலாம் இராசேந்திரனின் தலைநகர் அது. அவன் எழுப்பிய கோயில் நிற்கிறது. அவன் வாழ்ந்த அரண்மனை நிற்கவில்லை. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1980களில் மாளிகைமேட்டில் அகழாய்ந்து செங்கற்சுவர்களையும் கூரை ஓடுகளையும் இரும்பாணிகளையும் சீன மட்கலத் துண்டுகளையும் வெளிக்கொணர்ந்தது. 2021இல் அப்பணி மீண்டும் தொடங்கிற்று. கடல் கடந்து வந்த கிண்ணத்தின் உடைந்த துண்டு ஒன்று, மெய்க்கீர்த்தி கூறாத விருந்தின் செய்தியைக் கூறுகின்றது.

கற்கள் இடம்பெயர்ந்த கதை ஒன்றும் அங்கே உண்டு. 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது அக்கோயிலின் திருச்சுற்று மதிற்கற்களைப் பெயர்த்துக்கொண்டு போயினர். அணை கட்டிய ஆங்கிலப் பொறியாளருக்குச் சமயப் பகை எதுவும் இல்லை; அருகில் செதுக்கிய கல் வேண்டியிருந்தது, அவ்வளவே. ஒரு கட்டடத்தின் கல் வேறொரு கட்டடத்தில் காணப்படுமாயின் உடனே பகைமையைக் காரணங்காட்டுவோர் இதனை நினைவிற் கொள்ளல் வேண்டும். பகையால் இடித்ததும் உண்டு. பாழடைந்து கிடந்ததை எடுத்ததும் உண்டு. விலைக்கு வாங்கியதும் உண்டு. எது நிகழ்ந்தது என்பதை அந்தந்த இடத்துச் சான்றே உரைக்க வேண்டும். நம் விருப்பு வெறுப்பு உரைத்தல் கூடாது.

ஓர் ஓட்டின் இடம்

சில ஆண்டுகளுக்கு முன் மாணவர் குழு ஒன்றுடன் நாம் ரஞ்சன்குடிக்குச் சென்றிருந்தோம். திரும்பும் வேளையில் ஒரு மாணவர் தம் சட்டைப்பையிலிருந்து பச்சை மெருகிட்ட ஓட்டுத் துண்டொன்றை எடுத்து, “ஐயா, கல்லூரிக் காட்சிப்பேழையில் வைக்கலாமா?” என வினவினார். அவருடைய ஆர்வம் நமக்கு மகிழ்ச்சியளித்தது. ஆயினும், “எங்கே எடுத்தீர்கள்?” என்று கேட்டபோது அவரால் சொல்ல இயலவில்லை. கோட்டைமேட்டிலா, பேட்டையிலா, அகழிக் கரையிலா? மாளிகையில் உடைந்த கிண்ணமாயின் அது தலைவரின் உணவைப் பற்றியது. பேட்டையில் உடைந்ததாயின் வணிகரின் சரக்கைப் பற்றியது. இடம் மறந்துபோன அக்கணமே அது வெறும் ஓடாயிற்று.

இதில் சட்டமும் உண்டு. இக்கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி இத்தகைய இடங்களில் உரிமம் இன்றி எவரும் அகழ்தல் கூடாது. 2010ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி பாதுகாக்கப்பெற்ற எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதுக் கட்டடம் எழுப்பத் தடை உண்டு. அதற்கப்பால் 200 மீட்டர் வரை இசைவு பெற்றே கட்டுதல் வேண்டும். வீடு கட்ட விரும்பும் ஊராருக்கு இது இடையூறாகத் தோன்றுவது இயல்பே. எரிந்துபோன ஊரின் அடுக்கும் வணிகரின் சரக்கும் மதிலுக்கு வெளியேயும் மண்ணுக்குள் கிடத்தல் கூடும் என்பதை அவர்களுக்குப் பொறுமையுடன் எடுத்துரைக்க நம் மாணவர்களே தக்கவர்கள். புதையல் தேடி இரவில் நிலவறைத் தரையைத் தோண்டுவோருக்கோ சட்டத்தைத் தவிர வேறு மொழி விளங்குவதில்லை.

அம்மாணவர் ஓட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு மீண்டும் உள்ளே சென்றார். தாம் நடந்த வழியைத் தாமே நினைவுகூர்ந்து, ஒவ்வோரிடத்திலும் நின்று நின்று தேடினார். அரைமணி நேரம் கழித்துப் பேட்டையில் ஒரு சுவரின் அடியில், அதே பச்சை மெருகிட்ட இன்னொரு துண்டு மண்ணில் பாதி புதைந்து கிடப்பதைக் கண்டு எம்மை அழைத்தார். தம் கையிலிருந்ததை அதனருகே வைத்துவிட்டு, குறிப்பேட்டைத் திறந்து சுவரிலிருந்து எத்தனை அடி என்று அளக்கத் தொடங்கினார். பேருந்துக்கு நேரமாயிற்று என்பதை அன்று எவரும் அவருக்கு நினைவூட்டவில்லை.